சின்னக் குழந்தைகளோடு கோடைக்கு ஏற்காடு: சொந்தக் காரில், இருபதாயிரத்துக்குள் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார்: "ரூம் போட்டாச்சு. குழந்தைங்களோட எப்படிப் போறது?" ரூம் போடுவது நான்காவது வேலை. அதை முதலில் செய்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப வளைக்க வேண்டிவரும். கடைசியில் வளைவது குழந்தைதான்.

நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டரை. மூணாறில் மலிவாக ஒரு ரூம் கிடைத்ததென்று தாம்பரத்திலிருந்து ஒரே மூச்சில் கிளம்பினோம். போடிமெட்டு வளைவுகளில் இரண்டு பேரும் மாறி மாறி வாந்தி. போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பது. அங்கே குழந்தைகளுக்குத் தனியாக எக்ஸ்ட்ரா பெட் காசு கேட்டார்கள், மலிவும் போயிற்று. அதற்குப் பிறகு மூன்று கோடைகள் ஏற்காடு போய் வந்திருக்கிறோம். என் கொழுந்தனார் குடும்பத்துக்கும், எங்கள் அடுக்குமாடியில் இரண்டு குடும்பங்களுக்கும் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுந்த இடங்கள் ஏறத்தாழ ஒன்றேதான். செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

1. ஊரை அல்ல, தூரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

வீட்டில் ஆறு வயதுக்குக் கீழே ஒரு குழந்தை இருந்தாலும், ஒரு நாளில் வண்டி ஓடும் நேரம் ஆறு மணிக்கு மேல் போகக் கூடாது. இது என் கணக்கு. இரண்டு வயதுக் குழந்தை என்றால் நான்கு. மேப் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். மேப்புக்கு மூத்திரம் வராது, பசிக்காது. அது காட்டும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கினால்தான் வீட்டு வாசலிலிருந்து ரூம் வாசல் வரைக்குமான உண்மையான நேரம் வரும்.

தாம்பரத்திலிருந்து ஏற்காடு சுமார் 350 கிலோமீட்டர். மேப்பில் ஆறு, ஆறரை மணி நேரம் காட்டும். என் கணக்குக்கு இது எல்லைக்கோடு. விடிவதற்கு முன் கிளம்பி, முதல் இரண்டு மணி நேரத்தைக் குழந்தைகளின் தூக்கத்திலேயே கடந்துவிடலாம் என்பதால்தான் இதை எடுத்துக்கொள்கிறேன். மதுரைக்காரர்களுக்குக் கொடைக்கானல் 120 கிலோமீட்டர்தான், கோவைக்காரர்களுக்கு ஊட்டி அதைவிடப் பக்கம். அவர்கள் ஏற்காட்டுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் ஊட்டி, கொடைக்கானல் என்றால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பாஸுக்குக் காசில்லை, ஆன்லைனில் எடுக்கலாம். முதலில் பாஸ், பிறகு ரூம். மாற்றிச் செய்து முன்பணம் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

2. கிழமை

ஞாயிறு கிளம்பி புதன் திரும்புங்கள். ஞாயிறு மதியம் நீங்கள் மலையேறும்போது வார இறுதிக்கு வந்த கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும். ஞாயிறு இரவு முதல் ரூம் வாடகையும் குறையும். அதே ரூம், அதே கட்டில்தான். சனிக்கிழமை இரவுக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கேட்பார்கள்.

பள்ளி விடுமுறை முழுக்க இருக்கும்போது எல்லோரும் ஏன் மே மூன்றாவது வாரத்தில் போய் முட்டிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஏற்காட்டில் கோடை விழாவும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும். மலர்க் கண்காட்சி பார்க்க ஆசையென்றால் அந்த நாள் போகலாம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் அறிவிப்பைப் பார்த்து அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. விழா நாளில் மலைப்பாதையில் வண்டி ஊர்ந்து ஊர்ந்துதான் நகரும், ஊர்ந்தால் வாந்தி கூடும்.

3. பணக் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள்

ரூம் பார்ப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். மொத்தம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் ரூமுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று தெரியும்.

பெட்ரோல்: போக வர 700, மேலே சுற்ற 60, ஆக 760 கிலோமீட்டர். கம்பெனி சொல்லும் மைலேஜைப் போடாதீர்கள். ஏசி, மலையேற்றம், சாமான் எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 15 என்று வையுங்கள். 51 லிட்டர் வரும். லிட்டர் 102 ரூபாய் என்றால் 5,200.

சுங்கம்: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பியபின் வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி. போக ஆறு, வர ஆறு. சுமார் 1,000 ரூபாய் ஒதுக்குங்கள். (இங்கே சொன்ன ஆத்தூர் திண்டிவனத்துக்கு முன்னால் வருவது. சேலம் மாவட்டத்து ஆத்தூர் வேறு. என் மாமியார் போன் செய்து "எங்கே இருக்கீங்க?" என்று கேட்டபோது "ஆத்தூர்" என்றோம். காலை ஆறு மணிக்கே சேலத்தை நெருங்கிவிட்டோம் என்று நினைத்து, இவ்வளவு வேகமா என்று திட்டினார்.)

ஃபாஸ்டேக்கில் வருடாந்திர பாஸ் 2025 ஆகஸ்ட் 15-இலிருந்து கிடைக்கிறது, அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 கடப்புகள், எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் அது கட்டுப்படியாகாது. வருடத்தில் மூன்று நான்கு தடவை சொந்த ஊர் போகிறவர்களுக்குக் கட்டாயம் லாபம். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில்தான் செல்லும், மாநிலச் சாலைகளில் செல்லாது.

ரூம் மூன்று இரவுக்கு 6,000. சாப்பாடு நாளுக்கு ஆயிரம் வீதம் 4,000. படகு, நுழைவுச்சீட்டு, பார்க்கிங் 1,500. இதுவரை 17,700. மீதி 2,300 கைக்காவல்: காய்ச்சல், பஞ்சர், அல்லது அழுகையை நிறுத்த வாங்கும் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி.

சாப்பாட்டுப் பணத்தை நான்கு கவரில் போட்டு, கிழமை எழுதி வைத்துவிடுவேன். ஜிபேயில் செலவழித்தால் எவ்வளவு போனதென்று தெரியாது. கவர் மெலிந்தால் கண்ணுக்குத் தெரியும்.

4. ரூம்: போனில் கேட்டு முடியுங்கள்

செயலியில் விலை பாருங்கள், ஆனால் போட்டுவிடாதீர்கள். நேரே கூப்பிட்டு இதையெல்லாம் கேளுங்கள்: குழந்தைகளுக்குத் தனிக் காசு உண்டா, எத்தனை வயது வரை இல்லை? வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? கார் நிறுத்தும் இடம் உள்ளேயா, தெருவிலா? ரூமில் சின்ன ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ள விடுவார்களா? பால்கனி இருந்தால் கம்பி இடைவெளி எவ்வளவு? கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். பரவாயில்லை. இரண்டரை வயதுக் குழந்தையின் தலை எந்த இடைவெளியில் நுழையும் என்று நமக்குத்தான் தெரியும்.

பதிலை வாட்ஸாப்பில் ஒரு வரியாக அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மூணாறில் நாங்கள் ஏமாந்தது வாய் வார்த்தையை நம்பியதால்தான்.

ஏரிக்கு எதிரே இருக்கும் ரூமுக்கு விலை கூடுதல். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் காப்பித் தோட்டத்து நடுவே, சமையலறையோடு வீடுகள் கிடைக்கும். நம்மிடம்தான் கார் இருக்கிறதே!

5. காரை ஒரு வாரம் முன்பே பாருங்கள்

முந்தின நாள் காட்டினால் கோளாறைக் கண்டுபிடிக்கலாம், சரி செய்ய நேரம் இருக்காது. மெக்கானிக்கிடம் "ஜெனரல் செக்கப்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பிரேக் பேடு, கூலன்ட், ஏசி, பேட்டரி, வைப்பர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மே மாத மாலையில் மலையில் திடீர் மழை வரும், வைப்பர் அதற்குத்தான்.

டயர் காற்றை, டிரைவர் பக்கக் கதவை ஒட்டி இருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். டயர் சூடாகும் முன், காலையில் பிடிக்க வேண்டும். ஓடிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், அதை நம்பி விட்டுவிட்டால் நிஜத்தில் காற்று குறைவாக இருக்கும். வெயில் சாலையில் காற்று குறைந்த டயர் இன்னும் சூடேறி வெடிக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நான்கையும் டிஜிலாக்கரில் ஏற்றிவிடுங்கள். ஃபாஸ்டேக்கில் 1,500 ரூபாய் இருக்கட்டும். இருப்பு இல்லாமல் போனால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டிவரும்.

6. குழந்தை எங்கே உட்காரும்?

மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. முன் சீட்டில் மடியில் என்றால் அதைவிட மோசம். திடீர் பிரேக்கில் பத்துக் கிலோக் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. முன்னால் ஏர்பேக் விரிந்தால் அது குழந்தையின் மேல்தான் அடிக்கும். 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

குழந்தை இருக்கை விலை அதிகம் என்பது உண்மைதான். வாடகைக்குக் கிடைக்கிறது, தெரிந்தவர்களிடம் கேட்டால் பரணில் ஒன்று தூங்கும். ஆனால் இரண்டு வாரம் முன்பே வாங்கி, கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் அதில் உட்கார வைத்துப் பழக்குங்கள். கிளம்பும் அன்று புதிதாகக் கட்டினால் செங்கல்பட்டு வரை கத்தலைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

இன்னொன்று: வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் பெல்ட்டின் இரும்பு முனை சுடும். எங்கள் சின்னவனின் தொடையில் காசு அளவுக்குச் சிவந்துவிட்டது. இறங்கும்போது ஒரு ஈரத் துண்டை இருக்கையின் மேல் போட்டுவிட்டு இறங்குங்கள். இது சொல்லாமலே தெரிய வேண்டியது, ஆனாலும் சொல்கிறேன்: ஐந்தே நிமிடம் என்றாலும் குழந்தையைக் காருக்குள் விட்டுப் பூட்டாதீர்கள்.

7. சாப்பாட்டு மூட்டை

பணம் மிச்சமாவதும் வயிறு கெடாமல் இருப்பதும் இங்கேதான். முதல் நாள் காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. குழந்தைக்குக் காரம் இல்லாமல் நெய், சர்க்கரை. இட்லி நன்றாக ஆறிய பிறகு நல்லெண்ணெயில் புரட்டி அடுக்க வேண்டும். சூடாக அடுக்கினால் ஆவி நீராகி நசநசத்து, பத்து மணிக்கே நூல் விடும். மதியத்துக்குப் புளிசாதம். தயிர்சாதம் கட்டாயம் வேண்டுமென்றால் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள், மதியம் சரியாகப் புளித்திருக்கும்.

ஒரு லிட்டர் ரைஸ் குக்கர், அரிசி பருப்பு கலந்து வைத்த இரண்டு பொட்டலம், அவல், ராகி மாவு. மலையில் இரவு குளிரில் குழந்தைக்கு ரசஞ்சாதம் தேடி அலையாமல் ரூமிலேயே முடிந்துவிடும். தண்ணீர் 20 லிட்டர் கேனில் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் வழியெல்லாம் பாட்டில் வாங்கினால் நாளுக்கு 200 ரூபாய் தண்ணீருக்கே போகும்.

மருந்துப் பையில் தெர்மாமீட்டர், குழந்தையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் மொத்தத்தையும் கரைக்க வேண்டும். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர். கொஞ்சம் தூளைக் கண்ணளவாக டம்ளரில் போட்டுக் கலக்குவது தப்பு, உப்பு அளவு மாறிவிடும்.

8. கிளம்பும் நாள்

மூட்டையை முந்தின இரவே ஏற்றிவிட வேண்டும். காலையில் ஏற்ற வேண்டியவை குழந்தைகளும் இட்லியும் மட்டும். வழிக்கான உடுப்பையே இரவு போட்டுத் தூங்கவையுங்கள். நாலரைக்குத் தூக்கி இருக்கையில் கட்டிவிட்டால் பாதி முழித்துத் திரும்பத் தூங்கிவிடுவார்கள். ஐந்தைத் தாண்டினால் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஜி.எஸ்.டி. சாலை பிடித்துக்கொள்ளும்.

எங்கள் நேரம் இப்படி: ஏழு மணிக்கு விக்கிரவாண்டி தாண்டி இட்லி. ஒன்பதேகாலுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம் பெட்ரோல் பங்க், கழிப்பறை, பத்து நிமிட ஓட்டம். இந்த ஓட்டம் முக்கியம். பெரியவர்கள் டீ குடிக்கும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். திரும்பக் காரில் ஏறியதும் அது ரகளை செய்கிறது. இறக்கிவிடுங்கள், ஓடட்டும். பதினொன்றரைக்குச் சேலம். மலைக்கு முன் பெட்ரோலையும் இங்கேயே நிரப்பிவிடுங்கள்.

சாலையில் வண்டி நின்றுபோனால் தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

9. இருபது வளைவுகள்

அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும்போது அயோத்தியாப்பட்டணத்தில் குப்பனூர் வழியாகத் திரும்பச் சொல்லி மேப் சொல்லும். அதுவும் ஏற்காடு போகும் பாதைதான். முதல் தடவை போகிறவர்கள் சேலம், கோரிமேடு, அடிவாரம் என்று பழகிய பாதையிலேயே ஏறுங்கள்.

வாந்தி ஏன் வருகிறது? கண் போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்து "நகரவில்லை" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "வளைகிறோம்" என்கிறது. இந்தச் சண்டைதான். இரண்டு வயதுக்குக் கீழே அபூர்வம். அதற்குமேல் பன்னிரண்டு வரை அதிகம். எனவே அடிவாரத்தில் போனைப் பிடுங்கிவிடுங்கள். நாங்கள் வளைவுப் பலகையை முதலில் பார்த்து எண்ணைக் கத்துகிறவருக்கு ஒரு புள்ளி என்று விளையாடுவோம். விளையாட்டு மாதிரி தெரியும். உண்மையில் குழந்தையின் கண்ணை வெளியே தூரத்தில் நிறுத்தும் வேலை அது.

வயிறு நிரம்பியும் இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர். மதியச் சாப்பாடு மேலேதான். பாலை மட்டும் அடிவாரத்தில் கொடுத்துவிடாதீர்கள். மாத்திரை தேவைப்படும் குழந்தை என்றால் உங்கள் குழந்தை டாக்டரிடம் முன்பே கேட்டு, கிளம்பும் முன் ஒரு நாள் வீட்டில் கொடுத்துப் பாருங்கள். மருந்துக்கடையில் பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்து வாங்காதீர்கள்.

அப்புறம், மூடியுள்ள ஐஸ்கிரீம் டப்பா இரண்டு. பிளாஸ்டிக் கவர் ஆடும், கிழியும், நாறும். டப்பாவைக் குழந்தையே பிடித்துக்கொள்ளும், மூடினால் வாடை வராது. ஈரத் துணி, ஒரு மாற்றுச் சட்டை, இரண்டும் டிக்கியில் அல்ல, உங்கள் காலடியில் இருக்க வேண்டும்.

ஓட்டுகிறவருக்கு: குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவுக்கு முன் ஹாரன். இன்ஜின் சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஒதுக்கமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். குரங்குகளுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள், கண்ணாடியையும் இறக்காதீர்கள்.

10. மேலே

ஒரு நாளைக்கு ஒரு இடம், அதுவும் காலையில். மதியம் தூக்கம். மாலையில் மழை இல்லையென்றால் ஒரு நடை. "வந்ததுக்கு எல்லாத்தையும் பார்த்துடலாம்" என்று ஆறு இடம் போட்டவர்களின் குழந்தைகள்தான் ஏரிக்கரையில் படுத்துப் புரள்கின்றன.

திங்கள் காலை ஏரியில் படகும், பக்கத்திலேயே அண்ணா பூங்காவும். செவ்வாய் தாவரவியல் பூங்கா அல்லது பகோடா பாயிண்ட். ஒரு மாலை லேடீஸ் சீட். இருட்டியதும் கீழே சேலத்தின் விளக்குகள் தெரியும், காசும் பெரிதாக ஆகாது. கிளியூர் அருவியை விட்டுவிடுங்கள். மே மாதத்தில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. இறங்கும் படிகளில் திரும்ப ஏறும்போது குழந்தை உங்கள் தோளில்தான் இருக்கும்.

மலை 1,500 மீட்டருக்கு மேல். பகலில் இதமாக இருந்தாலும் இரவுக்கு ஸ்வெட்டர், காலுறை தேவை. "கோடைதானே" என்று கையில்லாச் சட்டையோடு வந்து, மேலே கடையில் இரண்டு மடங்கு கொடுத்து வாங்குகிறவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

11. இறங்குவது, திரும்புவது

புதன் காலை ஏழுக்குள் இறங்கிவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது. நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வண்டியின் எடை முழுக்க பிரேக்கில் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

திரும்பும்போது குழந்தைகள் தூங்க மாட்டார்கள். போகும்போது இரண்டு நிறுத்தம் என்றால் வரும்போது நான்கு. போன், கார்ட்டூன் எல்லாம் சமவெளிக்கு வந்த பிறகு, உளுந்தூர்பேட்டை தாண்டியதும் கொடுங்கள். அதற்கு முன்பே தீர்த்துவிட்டால் செங்கல்பட்டு நெரிசலில் கையில் ஒன்றும் இருக்காது.

வீட்டுக்கு வந்த இரவே ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகளை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டுதான் இருக்க வேண்டும். ஒரு தடவை எங்களுக்குப் பதின்மூன்று வந்தது, ஒரே சாவடியில் இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை கழித்திருந்தார்கள். டேக் கொடுத்த வங்கியின் உதவி எண்ணில் புகார் சொன்னால் போதும், 1033-லும் சொல்லலாம். எங்களுக்கு ஒன்பதாவது நாள் பணம் திரும்பி வந்தது.